அற்றோணி

குலேந்திரனின் வீடு என் பெயரில் இல்லை.
அவனுடைய கையெழுத்துத்தான் என்னிடம் இருக்கிறது:
பேர்கனிலிருந்து கூரியரில் வந்த
அற்றோணித் தத்துவம், நான்கு பக்கம்.
வாடகை வாங்கலாம், வரி கட்டலாம்,
தேவைப்பட்டால் திருத்தலாம்.

கார்த்திகை மழைக்கு அரியாலை வீட்டின்
பின்னறை ஒழுகியது.
கஜவதனி மூன்று தரம் சொன்னபிறகு
நான் இரண்டு விலை எடுத்தேன்.
சீற்றை நனைத்து, பொலித்தீன் கட்டி,
இருக்கிற சனத்தை இரண்டு நாள் வெளியே அனுப்பி
முழுசாய்க் கழற்றி இறக்க அறுபத்தெண்ணாயிரம்.
அப்படியே கிறைண்டரால் வெட்டி
புதுத்துண்டு சொருக இருபத்திரண்டு.

பேர்கனுக்கு அடித்தேன்.
"இங்கையெண்டால் வெள்ளை உடுப்புப் போட்டு
சந்திரனுக்குப் போறவங்கள் மாதிரி வருவாங்கள்"
என்று சிரித்தான்.
சிரிப்பு முடிந்தபின்
"இருபத்திரண்டையே செய்" என்றான்.

றெஜினோல்ட் குருநகரிலிருந்து வந்தவன்.
சாரத்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஏறினான்.
கிறைண்டர் கத்தத் தொடங்கியதும்
பக்கத்து வீட்டு நாய் எழும்பிப் போனது.
அரை மணித்தியாலம்.
கொடியில் கிடந்த குழந்தையின் துணிகளில்,
முருங்கை இலையில், என் மோட்டார்சைக்கிளில்
மா அரித்த மாதிரிப் படிந்தது.
தும்புத்தடி கேட்டு வாங்கி நானே கூட்டினேன்,
காய்ந்த நிலத்தை, தண்ணீர் தெளிக்காமல்.
நல்ல மனுசன் என்று நினைத்திருப்பா, அன்றைக்கு.

மாசியில் இணக்க சபைக் கடிதம் வந்தது.
சனிக்கிழமை, பாடசாலை மண்டபம்,
பிள்ளைகளின் வாங்கிலில் நாங்கள்.
அண்ணாந்து பார்த்தேன்:
அதே சீற், அதே நெளிவு,
ஒரு மூலையில் பந்து பட்ட ஓட்டை.

கஜவதனி மேசையில் ஒரு பால்மா ரின்னை வைத்தா.
மூடியைச் சுற்றி மூன்று சுற்று ரேப்.
"யன்னல் கட்டில அள்ளினது" என்றா.
ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை.
ஒருவர் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார்.

தலைவர் ஒப்பந்தத்தைப் படித்தார்.
கூரை வீட்டுக்காரருக்கு.
வெள்ளையடிப்பு குடியிருப்பவருக்கு.
கிணற்று மோட்டர் பாதி பாதி.
தூசி ஒருவருக்கும் எழுதப்படவில்லை.

"பிள்ளைக்கு இப்ப ஏதும் வருத்தம் இருக்கோ?"
"இல்லை ஐயா."
"உங்களுக்கு?"
"இல்லை."
"அப்ப என்னத்தைக் கேக்கிறியள்?"

காசு கேட்பா என்று
கணக்குப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.
அவ கேட்டது ஒரு பேப்பர்.
இன்ன திகதி, இன்ன வீட்டில்,
இன்ன சீற்றை இன்ன விதமாய் வெட்டினோம்,
உள்ளே ஆள் இருக்கத்தக்கதாக வெட்டினோம் என்று.
"முப்பது நாப்பது வருசம் செண்டுதான் தெரியுமாம்.
அப்ப இவள் இருமினால் டொக்டர் கேப்பார்,
எங்க சுவாசிச்சனீங்கள் எண்டு.
நான் இருப்பனோ தெரியாது.
பேப்பர் இருக்கட்டும்."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று போன் எடுத்தேன்.
அங்கே இன்னும் விடியவில்லை.
"ஒண்டிலையும் கையெழுத்து வையாதை.
வைச்சாலும் என்ர பேர் வரக்கூடாது."
வீடு அவனுடையது, வாடகை அவனுடையது,
மிச்சம் பிடித்த நாற்பத்தாறாயிரம்
அவனுடைய கணக்கில் கிடக்கிறது.
மேசன் ரசீதில் என் கையெழுத்து.
சில நாளாய் விடிய எழும்பினால்
தொண்டையைச் செருமுகிறேன்.
வயதாயிருக்கலாம்.

உள்ளே போனேன்.
"உரிமையாளருக்காக" என்று
செயலாளர் கோடு போட்டிருந்த இடத்தில்
அந்தச் சொல்லை வெட்டிவிட்டு
"நான் செய்வித்தேன், த. பரஞ்சோதி" என்று எழுதினேன்.
சட்டத்தில் அது யாரைக் கட்டும் என்று தெரியாது.
செயலாளர் பேனையைத் திருப்பிக் கேட்டா.
பொறுங்கோ என்றேன்.
தூசி பட்ட ஆட்கள் என்ற வரியில்
கஜவதனி இருந்தா, மகள் இருந்தாள்.
மூன்றாவதாக றெஜினோல்ட் என்று எழுதினேன்.
முழுப்பேர் தெரியவில்லை.